பின்பக்கத்துப் பாட்டு

1967 ஜனவரிக் கடைசியில் ஜெர்ரி வெக்ஸ்லருக்கு ஒரு விநோதமான தலைவலி. நியூயார்க்கின் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸில் பங்குதாரர் அவர். புதிதாக ஒப்பந்தம் போட்ட பாடகியின் பாட்டு ஒன்றைச் சில மாதிரித் தட்டுகளாக வெட்டி, தெரிந்த வானொலி டிஜேக்களுக்கு அனுப்பியிருந்தார். அவர்கள் போட்டார்கள். கேட்டவர்கள் விடவில்லை, இன்னொரு முறை போடு என்றார்கள். தட்டு எப்போது வரும் என்று விநியோகஸ்தர்கள் துளைத்தெடுத்தார்கள். ஆனால் தட்டை அச்சடிக்க முடியாது. இசைத்தட்டுக்கு இரண்டு பக்கம். வெக்ஸ்லரிடம் இருந்ததோ ஒரு பக்கத்துக்கான பாட்டு மட்டும். மறுபக்கத்துக்கான பாட்டு பாதியில் நின்றிருந்தது. அதைப் பாட வேண்டியவர் எங்கே இருக்கிறார் என்றும் தெரியவில்லை.

பாடகியின் பெயர் அரீத்தா ஃபிராங்க்ளின். கையில் இருந்த பாட்டு ‘ஐ நெவர் லவ்ட் எ மேன்’. பாதியில் நின்றது ‘டூ ரைட் உமன், டூ ரைட் மேன்’. கறுப்பினத் தேவாலயப் பாட்டில் வேர்விட்ட சோல் இசையில், மெதுவான காதல் பாட்டைப் பேலட் என்கிறார்களே, அது எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் இந்த இரண்டாவதைத்தான் போட்டுக் காட்டுவேன். அது பி பக்கத்துப் பாட்டு என்பது பலருக்கு நினைவில் இருக்காது. இருந்தாலும், ஏதோ ஓரத்தில் கிடந்த பாட்டுக்கு அடித்த அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது பின்பக்கத்தில் இருந்ததால்தான் முன்பக்கத்துப் பாட்டுக்கே முழு அர்த்தம் வந்தது. அதற்கு முதலில் இந்தப் பக்கக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஏ பக்கம், பி பக்கம் என்பது கேசட் சுற்றிய தலைமுறைக்குத் தெரியும். ஆனால் கேசட்டில் பி பக்கம் என்றால் மீதிப் பாட்டுகள் இருக்கும் இடம், அவ்வளவுதான். நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் தட்டில் கதை வேறு. ஆர்சிஏ விக்டர் நிறுவனம் 1949ல் கொண்டுவந்த ஏழு அங்குலத் தட்டு அது. நடுவில் பெரிய ஓட்டை, பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு. வானொலியில் ஓட வேண்டும் என்று கம்பெனி பந்தயம் கட்டும் பாட்டு ஏ பக்கம். மறுபக்கத்தைக் காலியாக விட முடியாதே, அங்கே ஏதாவது ஒன்று போவது பி பக்கம்.

அந்த ‘ஏதாவது ஒன்று’க்குள்தான் நிறைய சூட்சுமம் இருந்தது. அமெரிக்கச் சட்டப்படி விற்ற ஒவ்வொரு தட்டுக்கும் பாட்டு ஒன்றுக்கு இரண்டு சென்ட் பாட்டாசிரியர் தரப்புக்குப் போய்ச்சேர வேண்டும். 1909ல் வைத்த இந்தத் தொகை 1977 முடியும்வரை மாறவில்லை. பத்து லட்சம் தட்டு விற்றால் ஏ பக்கத்துக்கு 20,000 டாலர். பி பக்கத்துக்கும் அதே 20,000 டாலர். ரசிகர் தட்டைத் திருப்பியே பார்க்காவிட்டாலும் காசு வரும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழனுக்கும் அதே பந்திதான், அதே இலைதான். அதனால் தயாரிப்பாளர்களும் மேனேஜர்களும் தங்கள் பெயர் போட்ட பாட்டைப் பின்பக்கத்தில் நுழைத்துவிடப் பார்ப்பார்கள்.

டிஜேக்களால் வரும் ஆபத்தும் ஒன்று உண்டு. அவர்கள் பாட்டுக்குத் தட்டைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். ஃபில் ஸ்பெக்டர் என்ற தயாரிப்பாளர் இதைத் தடுக்கவே பி பக்கத்தில் வேண்டுமென்றே உப்புச்சப்பில்லாத வாத்திய இசையை வைப்பது வழக்கம். 1965ல் ரைட்டியஸ் பிரதர்ஸ் என்ற பாடகர் ஜோடியின் தட்டு ஒன்றில் அந்த ஜாக்கிரதை தவறியது. ‘ஹங் ஆன் யூ’ முன்பக்கம், ‘அன்செயின்ட் மெலடி’ பின்பக்கம். டிஜேக்கள் திருப்பிவிட்டார்கள். முன்பக்கம் இன்று யார் நினைவிலும் இல்லை.

மெதுவான பாட்டுகள் பின்பக்கம் போனதற்கு வேறொரு சாதாரணக் காரணமும் இருந்தது. பகல் நேர வானொலிக்கும் காருக்கும் துள்ளலான பாட்டு வேண்டும். இரவில் ஜூக்பாக்ஸ் வைத்த கடையில், கடைசிச் சுற்று நடனத்துக்கு மெதுவான பாட்டு வேண்டும். ஜூக்பாக்ஸில் தட்டின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிப் பொத்தான். அங்கே முன், பின் என்ற பேதமே கிடையாது. காசு போட்டவர் அமுக்கியதுதான் பாட்டு. பாடகர் ஓடிஸ் ரெடிங் 1965ல் ‘ரெஸ்பெக்ட்’ பாட்டை வெளியிட்டபோது அதன் பின்பக்கம் ‘ஓல் மேன் டிரபிள்’ என்ற மெதுவான பாட்டு. இரண்டு வருடம் கழித்து அரீத்தா அதே ‘ரெஸ்பெக்ட்’டைப் பாடியபோது பின்பக்கம் ‘டாக்டர் ஃபீல்குட்’, இன்னொரு மெதுவான பாட்டு. முன்னால் குதிரை, பின்னால் வண்டி மாதிரி இது ஒரு பழக்கமாகவே இருந்தது.

சரி, அலபாமாவுக்குப் போவோம்.

அரீத்தா 1942ல் மெம்பிஸில் பிறந்து டெட்ராய்ட்டில் வளர்ந்தவர். அப்பா சி. எல். ஃபிராங்க்ளின் ஊரறிந்த பிரசங்கி. அவருடைய பிரசங்கங்களே இசைத்தட்டாக விற்றன. அவருடைய நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் பியானோ முன்னால் உட்கார்ந்து பாடிய பெண்ணின் குரல் பதினான்கு வயதிலேயே தட்டில் ஏறியது. 1960ல் கொலம்பியா நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. அழைத்து வந்தவர் தயாரிப்பாளர் ஜான் ஹேமண்ட், காது சரியில்லாத மனிதர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஆறு வருடம் அங்கே அரீத்தாவுக்கு என்ன பாடக் கொடுப்பது என்றே தெரியாமல் கழிந்தது. ஜாஸ், நாடக மேடைப் பாட்டு, வயலின்கள் சூழ்ந்த பழைய பாட்டு என்று எல்லாம் பாடினார். பாப் தரவரிசைப் பட்டியலில் முதல் நாற்பதுக்குள் வந்தது ஒன்றே ஒன்று, அதுவும் 37ஆம் இடம்.

1966 கடைசியில் கொலம்பியா ஒப்பந்தம் முடிந்ததும் வெக்ஸ்லர் பிடித்துக்கொண்டார். வெக்ஸ்லர் முன்பு பில்போர்ட் என்ற இசை வணிக இதழில் எழுதிக்கொண்டிருந்தவர். கறுப்பர்களின் இசைக்கு அந்த இதழ் வைத்திருந்த ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்ற பெயர் 1949ல் ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்று மாறியதற்குக் காரணமானவர். அவருடைய யோசனை எளிமையானது: இவரைத் தேவாலயத்தில் உட்கார்ந்த மாதிரியே பியானோ முன்னால் உட்கார வை, சுற்றி நல்ல தாளக்காரர்களை வை, பிறகு யாரும் குறுக்கே வராதீர்கள்.

அந்தத் தாளக்காரர்கள் இருந்த இடம் மஸில் ஷோல்ஸ். அலபாமாவின் வடக்கில், டென்னசி ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே ரிக் ஹால் என்பவர் ஃபேம் என்ற ஸ்டூடியோ நடத்தினார். பாடகர் வில்சன் பிக்கெட்டை 1966ல் அங்கே அழைத்துப்போய் வெக்ஸ்லர் வெற்றி கண்டிருந்தார். டிரம்ஸுக்கு ரோஜர் ஹாக்கின்ஸ், கிடாருக்கு ஜிம்மி ஜான்சன், கீபோர்டுக்கு ஸ்பூனர் ஓல்டம் ஆகியோர் இருந்தார்கள். மெம்பிஸிலிருந்து பேஸ் வாசிக்க டாமி காக்பில், கிடாருக்கு சிப்ஸ் மோமன். எல்லோரும் வெள்ளைக்காரப் பையன்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். நேரில் போய்ப் பார்க்கும் கறுப்பினப் பாடகர்களும் முதலில் நம்பவில்லை.

அது எந்த அலபாமா என்பதையும் மறந்துவிடக் கூடாது. கறுப்பர்களின் வாக்குரிமை கேட்டுச் செல்மா பாலத்தில் ஊர்வலம் போனவர்கள்மீது போலீஸ் தடியடி நடத்தி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்தே வைக்க வேண்டும் என்ற ஜார்ஜ் வாலஸ் தொடர்ந்து இரண்டாம் முறை ஆளுநராக நிற்கச் சட்டம் இடம் தராததால், அவருடைய மனைவி லர்லீன் ஜனவரி 16 அன்று பதவியேற்றிருந்தார். எட்டு நாள் கழித்து, ஜனவரி 24 அன்று, டெட்ராய்ட்டிலிருந்து வந்த ஒரு கறுப்பினப் பெண் தன் கணவர் டெட் ஒயிட்டோடு ஃபேம் ஸ்டூடியோவுக்குள் நுழைகிறார். உள்ளே இருந்த வாத்தியக்காரர்கள் அத்தனை பேரும் வெள்ளையர். பித்தளை வாத்தியக்காரர்களையாவது கலந்து கூப்பிடும்படி வெக்ஸ்லர் ஹாலிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அது நடக்கவில்லை. டெட் ஒயிட்டின் முகம் உள்ளே நுழைந்தபோதே சரியில்லை என்று வெக்ஸ்லர் பின்னாளில் எழுதினார்.

அரீத்தா பியானோ முன்னால் உட்கார்ந்து ஒரு கார்டை, அதாவது சில சுரங்களை ஒருசேர, அழுத்தினார். அரட்டை நின்றது, ஆளாளுக்குத் தங்கள் வாத்தியத்தைத் தேடி ஓடினார்கள் என்பது அங்கே இருந்த பாட்டாசிரியர் டான் பென் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை. ஓல்டம் பெரிய பியானோவை அவருக்கு விட்டுக்கொடுத்து எலெக்ட்ரிக் பியானோவுக்கு நகர்ந்தார். முதல் பாட்டு ‘ஐ நெவர் லவ்ட் எ மேன்’. மூன்று மூன்றாக அசையும் தாளம். எப்படித் தொடங்குவது என்று பிடிபடாமல் கொஞ்ச நேரம் திணறினார்கள். பிறகு ஓல்டமின் விரலில் அந்த ஆரம்பத் துணுக்கு சிக்கியது. அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஏறினார்கள். சில மணி நேரத்தில் பாட்டு தயார்.

அடுத்தது ‘டூ ரைட் உமன்’. இதை எழுதியவர்கள் சிப்ஸ் மோமனும் டான் பென்னும். பென் அலபாமாக்காரர், முன்பு ஃபேமிலேயே வேலை பார்த்தவர். பிறகு மெம்பிஸில் மோமனின் ஸ்டூடியோவுக்குப் போய்விட்டார். இருவரும் சேர்ந்து ‘டார்க் எண்ட் ஆஃப் த ஸ்ட்ரீட்’ என்ற கள்ளக்காதல் பாட்டைச் சீட்டாட்டத்துக்கு நடுவே எழுதியவர்கள். அந்த ஜோடியின் கையெழுத்தே இதுதான்: நாட்டுப்புற வெள்ளையர்களின் கண்ட்ரி இசைபோல நேரான மெட்டு, சின்னச் சின்னச் சொல், உள்ளே கறுப்பினத் தேவாலயத்தின் தணியாத சூடு.

பாட்டு முழுசாக எழுதப்படவில்லை. இரண்டு சரணம் முடிந்து மெட்டு மாறும் இடம் ஒன்று வரும். ஆங்கிலத்தில் அதைப் பிரிட்ஜ் என்பார்கள். அங்கே ‘இது ஆண்களின் உலகம் என்கிறார்கள்’ என்று ஒரு வரி வரை வந்து பென் மாட்டிக்கொண்டார். முந்தைய வருடம்தான் ஜேம்ஸ் பிரவுன் அந்தக் கருத்தில் ஒரு பெரிய ஹிட் கொடுத்திருந்தார். அடுத்த வரியை வெக்ஸ்லர் எடுத்துக்கொடுத்தாராம்: அதற்கு என்னிடம் சாட்சி கேட்காதே என்ற பொருளில். அதற்கடுத்த வரி அரீத்தாவுடையது என்கிறார் பென். ஒன்றாக இருக்கும்வரை எனக்குக் கொஞ்சம் மரியாதை காட்டு. மரியாதை. ‘ரெஸ்பெக்ட்’ பாட்டை அவர் பதிவு செய்ய இன்னும் மூன்று வாரம் இருந்தது.

வரி வந்தது, பாட்டு வரவில்லை. தாள வாத்தியங்கள் மட்டும் பதிவாகின. அரீத்தா அன்று இதை உருப்படியாகப் பாடி முடிக்கவில்லை. அடையாளத்துக்காக டான் பென் பாடினார். நம் சினிமாக்காரர்கள் ‘ட்ராக் பாடுவது’ என்பார்களே, அது. அரீத்தாவுக்குப் பொருந்தும் உயரமான சுருதியில் ஓர் ஆண் தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாடினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. அன்று ஸ்டூடியோவை விட்டுப் போனபோது, நல்ல பாட்டை வீணாக்கிவிட்டோம் என்றுதான் எழுதிய இருவரும் நினைத்தார்கள்.

வீணானது பாட்டு மட்டுமல்ல. டெட் ஒயிட்டும் டிரம்பெட் வாசித்த ஒருவரும் மதியத்திலிருந்தே ஒரே பாட்டிலைப் பகிர்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். கேலி எப்போது வம்பானது என்பதில் ஆளுக்கொரு கதை. டிரம்பெட்காரர் வெளியேற்றப்பட்டார். வெக்ஸ்லர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, ரிக் ஹால் இரவில் சமாதானம் பேச விடுதிக்குப் போனார். அவரும் குடித்திருந்தார். சமாதானம் கைகலப்பில் முடிந்தது. விடிவதற்குள் வெக்ஸ்லரும் ஹாலும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத நிலை. ஒரு வாரத்துக்குப் போட்ட பதிவு ஒரே நாளில் முடிந்தது. அரீத்தா ஊரைவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நாள் வெக்ஸ்லரின் தொலைபேசிக்குச் சிக்கவே இல்லை.

முதல் பத்தியில் சொன்ன தலைவலி இப்படித்தான் வந்தது.

பிப்ரவரி 8 அன்று அரீத்தா நியூயார்க்கில் பிராட்வே தெருவில் இருந்த அட்லாண்டிக் ஸ்டூடியோவுக்கு வந்தார். கூடவே சகோதரிகள் எர்மாவும் கேரலினும். அலபாமாவிலிருந்து வந்த நாடாவில் வாத்தியம் என்று டிரம்ஸ், பேஸ், கிடார் மட்டுமே இருந்தன. அட்லாண்டிக்கின் ஒலிப்பதிவாளர் டாம் டௌட் மற்றவர்களுக்கு முன்பே, 1950களின் கடைசியிலேயே, எட்டு ட்ராக் இயந்திரம் ஒன்றை நிறுவனத்தை வாங்கவைத்திருந்தார். எட்டு ட்ராக் என்றால் ஒரே நாடாவில் எட்டு தனித்தனி ஓடை. ஒன்றை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டே இன்னொன்றில் புதிதாகப் பதியலாம். இதற்குத்தான் ஓவர்டப் என்று பெயர். இன்று கைப்பேசியிலேயே செய்கிறோம். அன்று பல ஸ்டூடியோக்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து வாசித்தால்தான் உண்டு.

அரீத்தா முதலில் பியானோவைச் சேர்த்தார். பிறகு ஆர்கனை, அதையும் அவரே வாசித்தார். பிறகு மூன்று சகோதரிகளும் மைக் முன்னால் நின்று பின்னணிக் குரல்களைக் கொடுத்தார்கள். சிறுவயதிலிருந்து ஒரே வீட்டில், ஒரே தேவாலயத்தில் சேர்ந்து பாடிய மூன்று பேர். ஒருவர் மூச்சு எடுக்கும் இடம் அடுத்தவருக்குத் தெரியும். கடைசியில் பாட்டு. டான் பென்னின் குரல் இருந்த இடத்தில் அவர் குரல் வந்து உட்கார்ந்தது. நியூயார்க்கில் இதை முதன்முதலாகக் கேட்டபோது மோமனும் பென்னும் ஆடிப்போனார்கள். தாங்கள் செத்துப்போனதாகக் கைகழுவிய பாட்டு.

நல்ல ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். டிரம்ஸ் அடக்கி வாசிக்கிறது, ஓரத்தில் ஒரு தட்டல், ஏதோ இன்னும் வரவேண்டியவருக்காகக் காத்திருக்கிற மாதிரி. ஒருவகையில் உண்மையும் அதுதான், அந்தத் தாளம் இரண்டு வாரம் காத்துக்கொண்டிருந்தது. அந்த இடைவெளிகள் திட்டமிட்ட சிக்கனமா அல்லது பாதியில் நின்றுபோன வேலையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அலபாமாவில் முழுப் பதிவும் ஒழுங்காக நடந்திருந்தால் பித்தளை வாத்தியங்களையும் நிச்சயம் நுழைத்திருப்பார்கள். இதில் அவை இல்லை. நல்லதாயிற்று. ஆர்கனின் நீண்ட சுரம் ஒன்று தரையில் பாய் விரித்த மாதிரி கீழே கிடக்கிறது. அதன்மேல் குரல் மெல்ல நடந்து வருகிறது. மரியாதை பற்றிய அந்த வரிக்கு வரும்போது மட்டும் ஒரேயடியாக எழுந்து நிற்கிறது, உடனே உட்கார்ந்துவிடுகிறது. மொத்தம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்.

பாட்டு சொல்வது என்ன? பெண் விளையாட்டுப் பொருள் அல்ல, உன்னைப் போலவே சதையும் ரத்தமும்தான். பகலெல்லாம் ஒழுங்கான பெண் வேண்டுமென்றால் இரவெல்லாம் நீ ஒழுங்கான ஆணாக இரு. கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. அத்தை ஒருத்தி முன்றானையை இடுப்பில் செருகிக்கொண்டு, குரலை உயர்த்தாமல், மருமகனிடம் ஒரு கணக்கைச் சொல்லி முடிக்கிற தோரணை.

இப்போது தட்டின் முன்பக்கத்துக்குப் போங்கள். ரானி ஷானன் எழுதிய பாட்டு. நீ ஏமாற்றுக்காரன், பொய்யன், தோழிகள் எல்லோரும் விட்டுவிடு என்கிறார்கள், ஆனால் என்னால் முடியவில்லை, உன்னைப் போல எவனையும் நேசித்ததில்லை. அதுதான் முன்பக்கம். கட்டுண்டு கிடக்கும் பெண்ணின் ஒப்புதல் வாக்குமூலம். தட்டைத் திருப்பினால் அதே குரல், அதே பெண். ஆனால் இப்போது நிபந்தனை போடுகிறாள். கேள்வி ஒரு பக்கம், பதில் மறுபக்கம். எழுதியவர்கள் வேறுவேறு பேர், பதிவான ஊர்களும் பாதி வேறு. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஆனாலும் வீட்டில் தட்டை வாங்கிப்போட்ட பெண்ணுக்கு, ஊசியை எடுத்துவைத்துத் தட்டைத் திருப்புகிற அந்தப் பத்து விநாடியில் ஒரு கதை நடந்துவிடுகிறது.

இதைப் பாடியவரின் சொந்த வாழ்க்கையோடு முடிச்சுப்போடுவது சுலபம். டெட் ஒயிட் பொது இடத்தில் அவரிடம் முரட்டுத்தனமாக நடந்துகொண்டது பற்றி 1968ல் டைம் இதழின் அட்டைப்படக் கட்டுரையே எழுதியது. அரீத்தாவோ அந்தரங்கத்தைப் பேசுவதைக் கடைசிவரை தவிர்த்தார். எனக்கும் அந்த முடிச்சில் பெரிய ஈடுபாடு இல்லை. மரியாதை என்ற சொல்லைப் பிரிட்ஜில் வைத்தது அவர் என்பது போதும். கைத்தொழில் தெரிந்த ஒருவர், பாட்டில் ஓட்டை இருந்த இடத்தில் தன்னிடம் இருந்ததை எடுத்து அடைத்தார்.

தட்டு அதே பிப்ரவரியில் வெளிவந்தது. ஏ பக்கம் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் ஏழு வாரம் முதலிடம், பாப் பட்டியலில் ஒன்பதாம் இடம். பி பக்கமும் தனியாக ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் ஏறி 37ஆம் இடம்வரை வந்தது. கொலம்பியாவில் ஆறு வருடத்தில் அவருடைய உச்ச பாப் இடம் 37 என்று மேலே சொன்னேன். பட்டியல்கள் வேறு என்றாலும் எண் அதேதான். அங்கே அது சிகரம், இங்கே பின்பக்கத்துக்குக் கிடைத்த உபரி.

மீதி ஆல்பத்துக்கு அரீத்தாவை அலபாமாவுக்குத் திரும்ப அழைப்பது நடக்காத காரியம். அதனால் வெக்ஸ்லர் அலபாமாவை நியூயார்க்குக்கு அழைத்துக்கொண்டார். சாக்ஸபோன்காரர் கிங் கர்டிஸின் ஆல்பத்துக்கு வாசிக்க வேண்டும் என்று சொல்லித்தான் ஹாலிடமிருந்து பையன்களைக் கூப்பிட்டார். வந்தவர்களை அரீத்தாவின் பதிவிலும் உட்காரவைத்தார். பிப்ரவரி 14 அன்று ‘ரெஸ்பெக்ட்’ பதிவானது. தன் ஆட்களைக் கடத்திக்கொண்டு போனதை ஹால் மறக்கவில்லை. இரண்டு வருடத்தில் அந்த ஆட்கள் மொத்தமாகவே அவரை விட்டுப் பிரிந்து, வெக்ஸ்லரின் உதவியோடு பக்கத்து ஊரான ஷெஃபீல்டில் சொந்த ஸ்டூடியோ திறந்தார்கள்.

ஆனால் 1967ல் ஃபேம் ஸ்டூடியோவுக்குப் பின்பக்க ராசி இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அரீத்தா போன சில மாதங்களில் சிகாகோவின் செஸ் நிறுவனம் தன் பாடகி எட்டா ஜேம்ஸை அங்கே அனுப்பியது. கிளாரன்ஸ் கார்ட்டர் எழுதிய ‘டெல் மாமா’ துள்ளலான ஏ பக்கம்; பாப் பட்டியலில் 23, ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 10. பின்பக்கம் ‘ஐ’ட் ரேதர் கோ பிளைண்ட்’. தன் ஆள் இன்னொருத்தியோடு பேசிக்கொண்டிருப்பதைப் பார்ப்பதைவிடக் கண் போவதே மேல் என்று பாடும் பெண். பாட்டு முழுக்க இரண்டே கார்டு. இரண்டு கார்டில் ஒரு பாட்டை ஒப்பேற்றப் பலரால் முடியும். இரண்டு கார்டில் ஒருவரை அழவைப்பதற்கு எட்டா வேண்டும். சிறையில் இருந்த நண்பர் எலிங்டன் ஜோர்டனைப் பார்க்கப் போனபோது அவர் இந்தப் பாட்டின் உருவத்தைப் பாடிக் காட்டினார், மீதியைத் தான் முடித்தேன் என்பது எட்டா சொன்னது. தன் பங்கை வரிச் சிக்கலுக்காக அன்றைய காதலர் பெயரில் எழுதிவைத்தார். அது பிறகு எவ்வளவு பெரிய தொகையாக இருந்திருக்கும் என்பதற்கு அந்த இரண்டு சென்ட் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாளி லியனார்ட் செஸ் இதை முதன்முதலில் கேட்டபோது கண் கலங்கி அறையை விட்டு வெளியே போனார் என்று எட்டா சொல்லியிருக்கிறார். அப்படியும் பாட்டு போனது பின்பக்கத்துக்குத்தான். 1969ல் சிக்கன் ஷேக் என்ற பிரிட்டிஷ் குழு பாடி அங்கே 14ஆம் இடத்துக்குக் கொண்டுபோனது. 2008ல் செஸ் நிறுவனத்தின் கதையைச் சொன்ன படத்தில் எட்டாவாக நடித்த பியோன்சே பாடினார்.

அதே பதிவு நாட்களில் எட்டா ‘டூ ரைட் உமன்’ பாட்டையும் அங்கே பாடிவைத்தார். பாட்டு பிறந்து பாதியில் நின்ற அதே அறையில். எட்டாவின் பதிப்பு மோசமில்லை, குரலில் முரட்டு அழகு உண்டு. ஆனால் அவர் மருமகனை அதட்டுகிற அத்தை. அரீத்தாவின் அத்தைக்கு அதட்டத் தேவைப்படவில்லை.

எனக்குப் பிடித்த மறுபதிப்பு 1969ல் வந்த ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸுடையது. கலிஃபோர்னியாவின் நீண்ட முடிக்காரப் பையன்கள், பெண் பாட வேண்டிய பாட்டை ஆண் குரலில், பெடல் ஸ்டீல் கிடார் இழைய, நேராகக் கண்ட்ரி பாட்டாகவே பாடிவிட்டார்கள். மோமனும் பென்னும் எழுதிய ‘டார்க் எண்ட் ஆஃப் த ஸ்ட்ரீட்’டும் அதே ஆல்பத்தில் உண்டு. இதைக் கேட்டால்தான் அரீத்தா அந்த மெட்டை எங்கிருந்து எங்கே கொண்டுபோனார் என்பது புரிகிறது. சோல், கண்ட்ரி என்று கடையில் தனித்தனி அலமாரியில் வைத்தார்களே தவிர, எழுதிய இருவருக்கும் அவை ஒரே அலமாரிதான்.

1967 மார்ச்சில் அரீத்தாவின் ஆல்பம் வெளிவந்தது. இப்போது எல்லோரும் ஃபோனில் வரிசையாகக் கேட்டுவிடுகிறோம். பதினோரு பாட்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவிடும். பழைய எல்பி தட்டில் வரிசையைப் பாருங்கள். ‘ரெஸ்பெக்ட்’ முதல் பாட்டு. ‘ஐ நெவர் லவ்ட் எ மேன்’ முதல் பக்கத்தில் மூன்றாவது. ‘டூ ரைட் உமன்’ இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது. ஜனவரி 24 அன்று ஒரே அறையில் தொடங்கிய இரண்டு பாட்டும் அங்கேயும் ஆளுக்கொரு பக்கம். ஒன்றைக் கேட்டுவிட்டு இன்னொன்றைக் கேட்க வேண்டுமென்றால், எழுந்து போய்த் தட்டைத் திருப்பித்தான் போட வேண்டும்.